முட்டி என்னுது, வைத்தியம் ஊரோடது

கோயம்புத்தூர் ரேஸ் கோர்ஸில் நடக்கிறவர்களுக்கும் ஓடுகிறவர்களுக்கும் ஒரே பாதைதான். அதனால் ஓடுகிறவன் லேசாக நொண்டினாலும் போதும், அடுத்த சுற்று வருவதற்குள் நடக்கிற அத்தனை பேருக்கும் சேதி போய்விடும். இப்போதுதான் ஓட ஆரம்பித்தவன் என்றால் இன்னும் சுலபம், எல்லோருக்கும் தம்பி ஆகிவிடுவோம்.

வலி ஒன்றும் உயிர் போகிற வலி இல்லை. முட்டிச் சில்லுக்குப் பின்னால் எங்கேயோ மந்தமாக இருக்கும், இங்கேதான் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. ஆபீஸில் ரொம்ப நேரம் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு எழுந்தால் முதல் நாலு அடிக்கு எனக்கு எழுபது வயது. மாடிப்படி ஏறும்போதுகூடச் சமாளித்துவிடலாம், இறங்கும்போதுதான் வேடிக்கை. மருதமலைக்குப் போகிறவர்கள் மேலே போக பஸ் பிடித்து, திரும்பும்போது படியில் இறங்கிப் பார்த்திருக்கிறேன். படியேறிப் போய்விட்டு இறங்குவதற்கு பஸ்ஸுக்காக நின்றது அன்று நான் மட்டும்தான்.

ரேஸ் கோர்ஸ் வைத்தியம் இலவசம், ஆனால் தப்பிக்க முடியாது. ஒருவர் ஷூவை மாற்று என்றார், அவரோடு நடந்து வந்தவர் ஷூவே ஆகாது, வெறுங்காலில் ஓடு என்றார், அப்புறம் என்னை விட்டுவிட்டு அவர்களுக்குள்ளேயே சண்டை. பிரண்டைத் துவையல், முடக்கத்தான் தோசை, நல்லெண்ணெய் என்று ஆளுக்கொன்று வந்தது. "ஓடுனா முட்டி தேஞ்சு போயிருமுங்க, ஆண்டவன் எண்ணித்தான் குடுத்திருக்கான்" என்று ஒரு பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே சொன்னார். அவர் எழுந்து நடந்து நான் பார்த்ததே இல்லை.

இந்த வரிசையில் நான் மயங்கியது முடவாட்டுக்கால் ஒன்றுக்குத்தான். கொல்லிமலைக் கிழங்கு, பாறையில் படர்கிற பெரணி வகை. மேலெல்லாம் பழுப்பு ரோமம், கையில் எடுத்தால் நிஜமாகவே ஆட்டுக்கால் போலத்தான் இருக்கும். அம்மா அதைக் கத்தியால் சுரண்டிச் சுரண்டித் தோலெடுத்து, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் தட்டிப்போட்டு சூப் வைத்தார். ருசிக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது, நாக்குக்கு நன்றாகவே தெரிந்தது. முட்டிக்குத்தான் தகவல் போகவில்லை.

கடைசியில் ஃபிசியோவிடம் போனேன். அவர் முட்டியை அழுத்தி, மடக்கிப் பார்த்துவிட்டு, வீக்கம் இருக்கா, மடக்கின கால் நீட்ட வராமல் மாட்டிக்கொள்கிறதா, நடக்கும்போது திடீரென்று மடங்கிவிடுகிறதா என்று கேட்டார். (இதில் எது இருந்தாலும் ரேஸ் கோர்ஸை எல்லாம் நம்பாமல் டாக்டரிடம் ஓடிவிடுங்கள், நொண்டியாவது.) எனக்கு எதுவும் இல்லை. ஒற்றைக் காலில் நின்று பாதி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் முட்டி பெருவிரலைத் தாண்டி உள்பக்கம் சாய்கிறது, இடுப்பு மறுபக்கம் தொங்குகிறது. "உங்க முட்டி பாவங்க சார், மேல இடுப்புல ஆளே வேலைக்கு வரலை" என்றார். ஓடுகிறவர்கள் ‘ரன்னர்ஸ் நீ’ (runner's knee, ஓட்டக்காரர் முட்டி) என்று சொல்வது இதைத்தானாம். மூச்சு சில வாரத்திலேயே பழகிவிடும், தசைநாரும் எலும்பும் பழக மாசக்கணக்கு ஆகும், புதிதாக ஓடுகிறவர்கள் மூச்சை நம்பித் தூரத்தைக் கூட்டுகிறார்கள் என்பது அவர் கட்சி.

ஓட்டத்தை நிறுத்தச் சொல்வார் என்று பார்த்தால் குறைக்கத்தான் சொன்னார். கொஞ்சம் ஓடி கொஞ்சம் நட, எட்டு வைப்பதைச் சின்னதாக்கு, நிமிடத்துக்கு 160 அடி வைத்தால் அதை 170 பக்கம் கொண்டு வா, முட்டி மேல் விழுகிற பாரம் குறையும், லேசான வலி மறுநாள் காலைக்குள் அடங்கினால் பயப்படாதே. பெஞ்சுப் பெரியவரின் தேய்மானக் கணக்கைக் கேட்டதும் சிரித்துவிட்டார். 2017-இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில், உடம்புக்காக ஓடுகிற சாதாரண ஆட்களில் இடுப்பு, முட்டி மூட்டுத் தேய்மானம் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்தே இருக்கிறவர்களில் 10.2 சதவீதமாம். பெரியவரிடம் சொல்லவில்லை, அவர் மனசு எதற்கு நோக வேண்டும்.

மிச்சமெல்லாம் வீட்டுப் பயிற்சி. முட்டிக்கு மேலே ரப்பர் பட்டையை மாட்டிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்து, பாதங்களைச் சேர்த்து வைத்தபடி மேல் முட்டியை மட்டும் திறந்து திறந்து மூட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது பயிற்சி என்று தோன்ற எந்த நியாயமும் இல்லை. அப்படி நான் ஹாலில் கிடக்கும்போதுதான் கோபியிலிருந்து மாமனார் வாழைத்தாரோடு உள்ளே வந்தார். தாரை இறக்கக்கூட இல்லை.

"என்னங்க மாப்ள, எந்திரிக்க முடியலீங்களா?"

"இல்லீங்க மாமா, முட்டி வலிக்குப் பயிற்சி."

"முட்டி வலிக்கு இடுப்ப ஆட்டறீங்களா?"

விளக்கினேன். தலையை ஆட்டிவிட்டு காபி குடிக்கப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, மகள் அடுப்படியில்தான் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்தப் பட்டை என்ன வெல வருமுங்க மாப்ள?"