மிளகாய்க்கு எந்த ஊர்?

2025 ஏப்ரல் 3, வியாழக்கிழமை. காலை எட்டே கால் இருக்கும், கோப்பி ஓ வாய்க்குப் போகவில்லை, அதற்குள் ஃபோன்.

"ஏம்மா, நமக்குப் பத்தா இருபத்தாறா?"

இங்கே சிங்கப்பூரில், செனோக்கோ தொழிற்பேட்டையில் மசாலா பேஸ்ட் தயாரிக்கும் அண்ணன். பல வருஷமாக, அமெரிக்காவுக்குப் போகும் அவர் சரக்குக்குச் சுங்கப் பெர்மிட் போடுவது நான்தான். அன்று விடியற்காலை, நம் நேரப்படி நாலு மணி வாக்கில், அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் எந்த நாட்டுக்கு எவ்வளவு வரி என்று டிரம்ப் ஒரு பலகையைத் தூக்கிக் காட்டியிருந்தார். சிங்கப்பூருக்கு 10 சதவீதம், இந்தியாவுக்கு 26, வியட்நாமுக்கு 46. அண்ணனின் மிளகாய் குண்டூர், மிளகு வியட்நாம், வதக்கி அரைத்துப் புட்டியில் அடைப்பது இங்கே. அப்படியானால் அந்தப் புட்டி எந்த நாட்டுக்காரன்?

இருபத்தேழு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. எங்கேயோ ஒரு தலைவர் மேடையில் முழங்குவார், அது என் திரையில் ஒரு சின்னக் கட்டத்தில், நாட்டின் பெயருக்கான இரண்டெழுத்தாக வந்து உட்காரும். அதனால் வணிகம் பற்றித் தலைவர்கள் பேசினால் என் காது வேறு மாதிரி நீளும். ஒன்று கவனித்திருக்கிறேன்: சுங்க வரியைப் பற்றி யாரும் சுங்க வரியாகப் பேசுவதில்லை. குடும்பத் தகராறு மாதிரிதான் பேசுகிறார்கள்.

ஏப்ரல் 8ஆம் தேதி நாடாளுமன்றத்தில் பிரதமர் லாரன்ஸ் வோங், இது நண்பனுக்குச் செய்கிற காரியம் இல்லை என்றார். அந்த 'நண்பன்' என்னைக் கொஞ்சம் தைத்தது. 2000 நவம்பரில் புருணையில் அப்போதைய நம் பிரதமர் கோ சோக் டோங்கும் அமெரிக்க அதிபர் கிளின்டனும் நள்ளிரவில் கோல்ஃப் ஆடி, அதில் பிறந்ததுதான் அமெரிக்காவோடு நமக்குள்ள தடையற்ற வணிக ஒப்பந்தம். 2003 மே 6இல் கையெழுத்து, 2004 ஜனவரி 1 முதல் அமல். புதுச் சட்டை போட்ட மாதிரி அந்த ஜனவரியில் நாங்கள் ஆபீசில் விதிகளைப் படித்தது நினைவிருக்கிறது. அமெரிக்கச் சரக்குக்கு நாம் வாங்கும் வரி பூஜ்யம். அப்படி இருந்தும் பத்து.

2016 ஆகஸ்டில் வாஷிங்டனில் அப்போதைய நம் பிரதமர் லீ சியன் லூங் கல்யாணத்தையே இழுத்தார். அமெரிக்காவும் சேர்ந்த பசிபிக் வட்டார வணிக ஒப்பந்தத்துக்காக ஆளாளுக்கு உள்ளூர் எதிர்ப்பைத் தாண்டி வந்து நிற்கிறோம், மணமகள் வராவிட்டால் மனசு புண்படும் என்றார். மணமகள் வரவில்லை. 2017 ஜனவரி 23இல் அமெரிக்கா விலகியது. அதற்கு ஆறு நாள் முன்புதான் டாவோஸில் சீன அதிபர் ஷி ஜின்பிங், காப்புவாதம், அதாவது இறக்குமதிக்கு வேலி போடுவது, இருட்டறையில் பூட்டிக்கொள்வது மாதிரி, காற்று மழை உள்ளே வராது, வெளிச்சமும் வராது என்று பேசியிருந்தார். கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் தடையற்ற வணிகத்துக்கு வக்காலத்து! அழகான உவமைதான். 2020 மே மாதம் ஆஸ்திரேலிய பார்லிக்கு 80.5 சதவீத வரி போட்டதும் அதே சீனா.

டிரம்ப் புகழும் பழைய அமெரிக்க அதிபர் மெக்கின்லி கதை இன்னும் சுவை. 1890இல் அவர் பெயரிலேயே ஒரு பெரிய வரிச் சட்டம். அதிபரான பிறகு, 1901 செப்டம்பர் 5ஆம் தேதி பஃபலோ நகரில், ஒதுங்கி வாழ்கிற காலம் போய்விட்டது, வணிகப் போரில் லாபமில்லை என்று பேசினார். மறுநாள் சுடப்பட்டார். அந்தக் கடைசிப் பேச்சை இப்போது யாரும் எடுப்பதில்லை.

நம்மவர்களும் சுத்த சைவம் இல்லை. அறுபதுகளில் உள்ளூர்த் தொழிற்சாலைகளைக் காக்க இங்கேயும் இறக்குமதி வரியும் கோட்டாவும் இருந்தன.

அப்பா துறைமுகத்தில் பாரம் தூக்கியவர். 1963இல், நாமும் மலேசியாவில் சேர்ந்த நேரம், இந்தோனேசிய அதிபர் சுகர்னோ 'மலேசியாவை நசுக்கு' என்று கிளம்பி, இந்தோனேசியா நம்மோடு வணிகத்தை நிறுத்தியது. சுமத்ராவிலிருந்து ரப்பர் ஏற்றி வரும் தொங்கான் படகுகள் குறைந்தன. "அவன் நசுக்குன்னு சொன்னான், எங்க ஓவர்டைம்தான் நசுங்கிச்சு" என்பார். ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வார், ஒவ்வொரு தடவையும் அம்மா முறைப்பார்.

1972 பிப்ரவரி 6இல் அப்போதைய வெளியுறவு அமைச்சர் ராஜரத்தினம், நம் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர், சிங்கப்பூரை உலக நகரம் என்றார். மலாயாவோடு பொதுச் சந்தை கைநழுவிப் போயிருந்த நாட்டுக்கு உலகமே பின்னிலம், சரக்கும் சந்தையும் அங்கேதான் என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இந்த ஊர்த் தலைவர்கள் வணிகம் பற்றிப் பேசியதில் எனக்குப் பிடித்தது அதுதான். அதே வருஷம் ஜூன் 23ஆம் தேதி தஞ்சோங் பகார் துறைமுகத்துக்கு முதல் கொள்கலன் கப்பல் வந்தது. அந்த உலக நகரத்தில் பாரம் தூக்கும் கும்பல்களுக்கு வேலை சுருங்கிக்கொண்டே போனது. அப்பா வேறு வேலைக்குப் போனார். பேச்சில் தப்பில்லை, ஆனால் அதில் அப்பா இல்லை.

சரி, அண்ணனுக்கு என்ன சொன்னேன்? வெறுமனே பொடியாக்கினால் பெரும்பாலும் விளைந்த ஊர்தான் ஊர், வதக்கிக் கலந்து வேறு பொருளாக்கினால் வாதாட இடம் உண்டு, வாதாட வேண்டியது உங்கள் அமெரிக்கத் தரகர், எழுத்தில் வாங்குங்கள் என்றேன். ஒரு வாரத்துக்குள், ஏப்ரல் 9இல், நாட்டுக்கு நாடு மாறும் வரியை 90 நாள் நிறுத்திவைத்தார்கள். சீனா தவிர, பலகையில் இருந்த மற்றவர்களுக்கெல்லாம் பத்து.

மறுபடி ஃபோன். "அப்ப குண்டூருக்கும் பத்து, நமக்கும் பத்தா? ராத்திரியெல்லாம் நான் தூங்காம கெடந்ததுக்கு?"

மே முதல் வாரம் பொட்டி கிளம்பியது. 0904 என்ற சுங்க வகை எண்ணில் உள்ளே வந்த மிளகாய், பேஸ்டாகி 2103 என்ற எண்ணில் வெளியே போனது. பிறப்பிடக் கட்டத்தில் எஸ், ஜி.