கோப்பு கிடைத்தது, எழுத்து கிடைக்கவில்லை

திருப்பாதிரிப்புலியூரில் உள்ள எங்கள் அச்சகத்துக்கு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வந்தார். 2009இல் அவருடைய தந்தை எழுதி நாங்கள் அச்சிட்ட ஊர் வரலாற்றுப் புத்தகத்துக்கு மறுபதிப்பு வேண்டுமாம். கையில் இருந்த ஒரே பிரதியைக் கரையான் பாதி தின்றிருந்தது. "உங்கள் கம்ப்யூட்டரில் இருக்குமே தம்பி" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். அந்தக் கம்ப்யூட்டரை 2018இலேயே பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுத்துப் போய்விட்டார் என்பது அவர் படியிறங்கிய பிறகுதான் உறைத்தது.

காப்பாற்றியது 2015 வெள்ளம். அந்த நவம்பரில் தண்ணீர் கடைப் படிக்கட்டு வரை வந்து நின்றது. அந்தப் பயத்தில், டிஸ்க்கை நகலெடுக்கும் க்ளோன்சில்லா என்ற மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு, ஹார்ட் டிஸ்க் முழுவதையும் ஒரே இமேஜாக, அதாவது முழு நகலாக எடுத்து எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் வைத்திருந்தேன். பிறகு அதைத் திறந்து பார்க்கவே இல்லை. பேக்கப் எடுப்பவர்களில் பாதிப் பேர் என் சாதிதான் என்று நினைக்கிறேன்.

இப்போது திறந்தால் உள்ளே புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று எந்த ஃபோல்டரும் இல்லை. ஏஏ, ஏபி, ஏசி என்று முடியும் பெரிய பெரிய துண்டுகள்தான் இருந்தன. முதல் துண்டை, சுருக்கிய கோப்புகளைப் பிரிக்கும் செவன்ஜிப்பில் திறந்தேன். உள்ளே பெயர் புரியாத ஒற்றைக் கோப்பு. பிரித்தால் பாதியில் பிழை. காரணம் பின்னால்தான் புரிந்தது. க்ளோன்சில்லா பார்டிக்ளோன் என்ற கருவியை வைத்து, ஒவ்வொரு பார்டிஷனிலும் ('சி', 'டி' என்று டிஸ்க்கைப் பிரித்த பகுதி) தரவு இருக்கும் இடங்களை மட்டும் தனித்தனியாக எடுத்து, எந்த இடம் நிரம்பியது, எது காலி என்ற வரைபடத்தை முன்னால் வைத்து, எல்லாவற்றையும் சுருக்கித் துண்டு போடுகிறது. அதனால் அந்த இமேஜ் அப்படியே மவுன்ட் ஆகாது; ஒரு டிரைவ்போலத் திறந்து உள்ளே பார்க்க முடியாது.

வழக்கமான வழி, முழு இமேஜையும் இன்னொரு டிஸ்க்கில் திரும்ப எழுதுவது. எழுதப்படும் டிஸ்க்கில் ஏற்கெனவே இருப்பது எல்லாம் போய்விடும். ஒரு புத்தகத்துக்காக அந்த ஆபத்தில் இறங்க மனம் வரவில்லை. உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பென்டிரைவிலிருந்து கிளப்பி, பார்டிக்ளோனை நிறுவி, துண்டுகளை வரிசையாக ஒட்டி, சுருக்கத்தைப் பிரித்து, டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு கோப்புக்குள் எழுதவைப்பதே நான் எடுத்த வழி. இவை எல்லாம் ஒரே கட்டளையில், ஒன்றின் வாயிலிருந்து இன்னொன்றின் வாய்க்குக் குழாய் வைத்ததுபோல ஓடும். வெறும் கோப்பில் எழுதச் சொல்லும் விருப்பத்தேர்வையும், இலக்கின் அளவைச் சோதிக்க வேண்டாம் என்று சொல்லும் ஆங்கிலப் பெரிய எழுத்து 'சி'யையும் கட்டளையில் சேர்க்க வேண்டும். பெரிய 'சி'யை விட்டுவிட்டு, இடம் போதாது என்ற புகாரை இரண்டு முறை வாங்கிக்கொண்டேன்.

மூன்றாவது முறை ஓடியது. 4 ஜிபியில் நின்றது. டிவியில் படம் பார்ப்பதற்காக ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மட் செய்து வைத்திருந்த டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்தேன். அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு நிற்காது. என் பார்டிஷனோ 80 ஜிபி. உள்ளே பாதிதான் நிரம்பியிருந்தாலும், திரும்ப விரியும்போது முழு 80க்கும் இடம் காட்ட வேண்டும். மறுநாள் வேறு டிஸ்க்கை, அந்த வரம்பு இல்லாத என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்து, இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் போனது.

வந்த கோப்பை, கோப்பையே டிஸ்க்போலக் காட்டும் லூப் முறையில், படிக்க மட்டும் என்று மவுன்ட் செய்தேன். ஒரு பார்டிஷனின் இமேஜ் மட்டும் என்பதால், அது டிஸ்க்கில் எங்கே தொடங்குகிறது என்று தொடக்க செக்டாரைக் கணக்கிட்டுக் கொடுக்கும் வேலை இல்லை. 'டி' டிரைவ் அப்படியே எழுந்து வந்தது. நாவுக்கரசர் கல்லோடு கட்டிக் கடலில் போடப்பட்டும் கரையேறிய ஊர் இது என்பதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டேன். புத்தகத்தின் பதினாறு பேஜ்மேக்கர் (பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருள்) கோப்புகளை மட்டும் நகலெடுத்தேன்.

சிரிப்பு லாரன்ஸ் ரோடு வரைதான் நீடித்தது. அங்கே நண்பரின் கடையில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் பேஜ்மேக்கர் இன்னும் ஓடுகிறது. கோப்பைத் திறந்ததும், எழுத்துரு இல்லை, வேறொன்றைப் பொருத்தவா என்று கேட்டது. சரி என்றால், பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் சதவீதக் குறியும். எல்லா மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடுக்கு முந்திய தமிழ் அப்படித்தான். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து ஏமாற்றிய எழுத்துருக்கள் அவை. பாமினி போன்ற பரவலான எழுத்துருவாக இருந்தால் எங்கும் கிடைத்திருக்கும். எங்களுடையது, அப்பா காலத்தில் ஒரு மென்பொருளோடு ஃப்ளாப்பியில் வந்தது. விற்றவர் கடையே இன்று இல்லை.

அப்போதுதான் 'சி' டிரைவும் அதே இமேஜில் இருப்பது நினைவுக்கு வந்தது. கோப்புகளை மட்டும் பேக்கப் எடுத்திருந்தால் எழுத்துருவைப் பற்றி நினைத்தே இருக்க மாட்டேன். அதே கட்டளையை 20 ஜிபி பார்டிஷனுக்கு ஓட்டி, விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். அங்கே இன்னொரு தொல்லை: கோப்பின் பெயர் வேறு, மெனுவில் தெரியும் எழுத்துருவின் பெயர் வேறு. தேதிவாரியாக அடுக்கினேன். விண்டோஸோடு வந்தவை பெரும்பாலும் ஒரே தேதியில் கொத்தாக நிற்க, நாங்கள் சேர்த்தவை தனியே ஒதுங்கின. முப்பது சொச்சம். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில் இருபத்திரண்டாவதில் தமிழ் தெரிந்தது.

ஆசிரியருக்குப் புரூஃப் கொடுத்தேன். கண்கலங்கினார். பிறகு, "அதே எழுத்தில் புதிதாக இரண்டு பக்க முன்னுரை சேர்க்க முடியுமா?" என்றார்.

அந்த எழுத்துருவின் விசைப்பலகை எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் எங்களிடம் டைப் அடித்த அக்கா இப்போது வில்லியனூரில் இருக்கிறார். எந்த எழுத்துக்கு எந்தக் கட்டை என்று போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வாயால் சொல்ல வரவில்லை தம்பி, விரலுக்குத்தான் தெரியும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி லாரன்ஸ் ரோட்டுக்கே வந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கத்தையும் கட்டையைப் பார்க்காமலே அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.