சிங்க் அடி அலமாரியைப் பிரித்துப் பார்த்தேன்: சிப்போர்டு எங்கிருந்து கெடுகிறது?

எங்கள் சமையலறை அலமாரிகள் பொருத்தப்பட்டு 11 ஆண்டுகள் ஆகின்றன. எல்லாமே மெலமைன் பூச்சுள்ள சாதாரண சிப்போர்டு, அதாவது பார்ட்டிகிள் போர்டு. சென்ற ஆண்டு சிங்கின் கீழுள்ள அலமாரியின் கதவு ஒரு பக்கம் சாய்ந்து, அடிப்பலகையில் இடித்து நின்றுவிட்டது. குனிந்து பார்த்தபோது அடிப்பலகை குழாய் நுழையும் இடத்தைச் சுற்றிப் பொருமி, ஊறிய ரொட்டியைப் போல மேலெழும்பியிருந்தது. "சிப்போர்டுதானே, தண்ணீர் பட்டால் அவ்வளவுதான், மொத்தத்தையும் மாற்றிவிடு" என்றுதான் பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். விடுமுறை நாட்களில் மரவேலை செய்து பழகும் எனக்கு, அந்த முடிவை எடுப்பதற்கு முன் அலமாரியை முழுவதும் பிரித்து, எந்தப் பலகை எந்த இடத்தில் கெட்டது என்று பார்த்துவிடத் தோன்றியது.

பிரித்துப் பார்த்ததில் முதலில் வியப்பளித்தது கெட்ட இடங்களின் சிறுமை. பக்கப்பலகைகள் இரண்டிலும் தரையைத் தொட்ட கீழ்விளிம்பிலிருந்து சுமார் 6 செ.மீ. உயரம் வரைதான் பொருமியிருந்தது. அதற்கு மேல் வெர்னியர் அளவி வைத்துப் பார்த்தால் எங்கும் 18 மி.மீ. தான். அடிப்பலகையில் குழாய்த் துளையைச் சுற்றி ஒரு கையகல வட்டமும், பின்விளிம்பு முழுவதும் கெட்டிருந்தன. முன்விளிம்பில், ஆலையிலேயே எட்ஜ் பேண்ட், அதாவது விளிம்பை மூடும் மெல்லிய நாடா, ஒட்டப்பட்ட இடத்தில், ஒரு சிறு மூலையைத் தவிர எந்த வீக்கமும் இல்லை. அதே நாளில் அதே சரக்கிலிருந்து வெட்டிப் பொருத்திய மேல் அலமாரிகளோ புதிதாகவே இருந்தன. ஆகவே இந்தப் பலகையை வயது கெடுக்கவில்லை, பாத்திரங்களின் பாரமும் கெடுக்கவில்லை. பொருத்த வந்தவர் அந்த இடத்திலேயே வெட்டி, பூச்சில்லாமல் அப்படியே விட்டுச் சென்ற வெட்டுவாய்கள்தாம், அதாவது வெட்டிய விளிம்புகள்தாம், தண்ணீரை உள்ளே விட்டிருக்கின்றன.

இதன் காரணம் பலகை செய்யப்படும் முறையிலேயே இருக்கிறது. மரச்சில்லுகளில் பிசின் தெளித்து, சூடான அழுத்திக்குள் வைத்து நெருக்கும்போது, அந்தச் சில்லுகள் தாம் மரமாக இருந்த காலத்தைவிட அதிகமாக நசுங்கிய நிலையில் ஒட்டிக்கொள்கின்றன. மேலும் கீழும் உள்ள பரப்புகளில் நுண்ணிய தூள் அடர்த்தியாகப் படிகிறது. நடுவில் பெரிய சில்லுகள், இடையிடையே வெற்றிடங்களுடன் தளர்வாக இருக்கின்றன. மெலமைன் பூச்சு அந்த அடர்ந்த பரப்பை நன்றாகவே காக்கிறது. ஆனால் பலகையை வெட்டியவுடன் தளர்வான நடுப்பகுதி வெளியே தெரிகிறது. தண்ணீர் அதன் வழியாகத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல ஏறுகிறது. நனைந்த சில்லு, தான் நசுங்குவதற்கு முன்பிருந்த பருமனுக்குத் திரும்ப முயல்கிறது. அந்த முயற்சியில் பக்கத்துச் சில்லோடிருந்த ஒட்டு விட்டுப்போகிறது. பெரும்பாலான உட்புறப் பலகைகளில் பயன்படும் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசினும் நீண்டகால ஈரத்திலும் சூட்டிலும் சிதையக்கூடியது. காய்ந்த பிறகு சில்லு சற்றுச் சுருங்கினாலும் அறுந்த ஒட்டு மீண்டும் ஒட்டுவதில்லை. திட மரம் நனைந்து காய்ந்தால் ஏறக்குறையப் பழைய அளவுக்கு வந்துவிடும். சிப்போர்டு அப்படி வராததற்கு இதுவே காரணம்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று, கண்ணால் காண்பது வேறு. ஆகவே அலமாரியின் கெடாத ஒரு தட்டுப்பலகையிலிருந்து 10 செ.மீ. சதுரத் துண்டுகள் ஐந்தை வெட்டினேன். அறுக்கும்போது பறக்கும் தூள் மிக நுண்ணியது, அதில் பிசினும் கலந்திருக்கிறது. முகக்கவசம் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. ஒரு துண்டின் வெட்டுவாயை வெறுமனே விட்டேன். இரண்டாவதில் வெள்ளை மரப்பசையை இருமுறை தடவினேன். மூன்றாவதில் இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் மெலமைன் நாடாவைப் பொருத்தினேன். நான்காவதில் பாலியூரித்தேன் வார்னிஷை மூன்று முறை பூசினேன். முதல் பூச்சை மட்டும் நன்றாக நீர்க்கக் கரைத்து, பலகை குடிக்கும் வரை குடிக்கவிட்டேன். ஐந்தாவதில் எபாக்சி, அதாவது இரு பகுதிகளைக் கலந்து இறுகவிடும் பிசின், தடவினேன். எல்லாம் ஒரு வாரம் இறுகிய பிறகு, ஒரு தட்டில் 1 செ.மீ. ஆழத் தண்ணீர் ஊற்றி, அந்த விளிம்புகள் நனையும்படி நிற்கவைத்து, 24 மணி நேரம் கழித்து அளந்தேன்.

வெறும் துண்டு 18 மி.மீ. இலிருந்து 21.1 மி.மீ. ஆகியிருந்தது, விரல் நகத்தால் கீறினாலே சில்லு உதிர்ந்தது. ஒரு வாரம் காயவைத்த பிறகும் 20.3 மி.மீ. க்குக் கீழே இறங்கவில்லை. மரப்பசை பூசியது 20.4, சாதாரண மரப்பசை தண்ணீரில் மீண்டும் இளகி வெண்மையாகிவிடும் என்பதை நான் மறந்திருந்தேன். நாடா ஒட்டியதில்தான் பார்க்க வேண்டிய விஷயம் இருந்தது: நடுவில் எந்த மாற்றமும் இல்லை, ஆனால் நாடா முடியும் இரு மூலைகளிலும் 19.6 வரை வீங்கி, நாடாவை உள்ளிருந்து தள்ளியிருந்தது. என் பழைய அடிப்பலகையின் முன்மூலையில் கண்ட வீக்கமும் இதே வடிவந்தான். வார்னிஷ் பூசியது 18.3, எபாக்சி பூசியது 18.1. இது வீட்டு மேசையில் ஒரே ஒரு முறை செய்த சோதனைதான், ஆயினும் நான் என்ன செய்ய வேண்டும் என்பதை முடிவு செய்ய இதுவே போதுமானதாக இருந்தது.

அடிப்பலகையைக் காப்பாற்ற வழியில்லை. பொருமிய பலகையைத் தேய்த்துச் சமன்படுத்தி மேலே எதையாவது ஒட்டுவது வீண்வேலை. உள்ளே ஒட்டே இல்லாத பகுதியில் எதுவும் பிடித்து நிற்காது. அதற்குப் பதிலாக ஈரத்தைத் தாங்கும் வகைச் சிப்போர்டு வாங்கினேன். வெட்டுவாயில் பச்சை நிறம் தெரியும் பலகை அது. அந்தப் பச்சை வெறும் அடையாளச் சாயமே தவிர, அதுவே தண்ணீரைத் தடுப்பதில்லை. வேறுபாடு பிசினில் இருக்கிறது. ஐரோப்பியத் தரநிலையான இ.என். 312 இல் உலர்ந்த சூழலுக்கான அறைகலன் பலகை பி2 என்றும், ஈரச்சூழலுக்கான, கட்டுமானப் பாரம் தாங்காத பலகை பி3 என்றும் குறிக்கப்படுகின்றன. பி3 பலகையின் வெறும் துண்டையும் அதே தட்டில் 24 மணி நேரம் நிறுத்தியதில் 18.9 மி.மீ. காட்டியது. சாதாரணப் பலகையோடு ஒப்பிட்டால் நல்ல முன்னேற்றம், ஆனாலும் வார்னிஷ் பூசிய பழைய துண்டைவிட மோசம். ஆகவே பச்சைப் பலகைதானே என்று அலட்சியமாக இராமல், குழாய்த் துளையின் உட்சுவர் உட்பட எல்லா வெட்டுவாய்களிலும் எபாக்சி பூசினேன். குழாய்க்கும் பலகைக்கும் இடையிலிருந்த இடைவெளியைச் சிலிகானால் அடைத்தேன்.

பக்கப்பலகைகளை மாற்றவில்லை. பொருமிய 6 செ.மீ. உடன் இன்னும் 4 செ.மீ. சேர்த்து, கெடாத பகுதி வரும்வரை கீழ்ப்புறத்தை அறுத்தெடுத்தேன். அந்த உயரத்தைத் திருகி ஏற்றியிறக்கக்கூடிய பிளாஸ்டிக் கால்கள் ஈடுசெய்தன. இப்போது தரையைத் துடைக்கும் தண்ணீர் மரத்தைத் தொடவே வழியில்லை. முதலிலேயே இப்படிப் பொருத்தியிருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும் என்று நினைக்கையில் கொஞ்சம் எரிச்சல் வரத்தான் செய்கிறது.

கீல்தான் என்னை அதிகம் படுத்தியது. பக்கப்பலகையில் கீலின் தகட்டைப் பிடித்திருந்த 16 மி.மீ. திருகுகள் இரண்டும் சில்லோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. முதலில், எல்லாரும் செய்வதைப் போல, துளையில் தீக்குச்சிகளைப் பசை தடவிச் செருகித் திருகினேன்; மூன்றே வாரத்தில் மீண்டும் ஆடத் தொடங்கியது. இரண்டாம் முறை துளையை 10 மி.மீ. விட்டத்துக்கு அகலமாக்கி, 13 மி.மீ. ஆழத்தோடு நிறுத்தி, கடினமரத்தில் வெட்டிய முளையை, அதாவது துளையை அடைக்கும் சிறு மர உருளையை, எபாக்சி வைத்துச் செருகினேன். கடையில் கிடைக்கும் உருளை முளையில் நார் நீளவாக்கில் ஓடுவதால் திருகு நாருக்கு இணையாக இறங்கும், பிடிப்பு குறையும். ஆகவே நார் குறுக்கே ஓடும்படி, பலகையின் அகன்ற முகத்திலிருந்து முளை வெட்டும் கருவியால் எடுத்தேன். மறுநாள் 2.5 மி.மீ. வழித்துளை இட்டுத் திருகியதும் பிடிப்பு கையிலேயே தெரிந்தது.

திருகு விஷயத்தில் ஒரு பழக்கத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சிப்போர்டிலிருந்து கழற்றிய திருகை மீண்டும் போடும்போது, முதலில் அதை மெல்ல எதிர்ப்பக்கம் சுழற்ற வேண்டும். ஓரிடத்தில் 'டக்' என்று மிகச் சிறிதாக உள்ளே விழுவது விரலுக்குத் தெரியும். அதுதான் பழைய மரை தொடங்கும் இடம். அங்கிருந்து முறுக்கினால் திருகு தன் பழைய பாதையிலேயே போகும். இல்லாவிட்டால் புதுப் பாதை வெட்டிக்கொண்டு, மிச்சமிருக்கும் சில்லையும் தூளாக்கிவிடும். கடைசி முறுக்கை மின்திருகியிடம் விடாமல் கையால் கொடுப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

தட்டுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 90 செ.மீ. நீளமுள்ள 16 மி.மீ. தட்டு ஒன்று நடுவில் 7 மி.மீ. தொங்கியிருந்தது. திருப்பிப் போட்டேன், மூன்று மாதங்களில் மறுபக்கம் தொங்கத் தொடங்கியது, ஏனெனில் நிலையான பாரத்தின் கீழ் இந்தப் பலகை நாள்போக்கில் தொடர்ந்து வளைந்துகொண்டே போகும் இயல்புடையது. ஒரே மொத்தப் பாரத்துக்குத் தொய்வு நீளத்தின் முப்படியைப் பொறுத்துக் கூடும், 60 செ.மீ. தட்டோடு ஒப்பிட்டால் 90 செ.மீ. தட்டு மூன்று மடங்குக்கும் மேல் தொங்கும். முன்விளிம்பின் அடியில் 4 செ.மீ. உயரமுள்ள மரச்சட்டத்தைப் பசையிட்டுத் திருகிய பிறகு தொய்வு நின்றது.

அலமாரியை மீண்டும் பொருத்தி இப்போது எட்டு மாதங்கள் ஆகின்றன. பலகைகளின் உட்புறத்தில் பென்சிலால் குறித்துவைத்த ஆறு இடங்களில் மாதந்தோறும் பருமனை அளந்து, அளவை அங்கேயே எழுதிவருகிறேன். ஐந்து இடங்களில் மாற்றமில்லை. ஆறாவது, இடது கதவின் கீழ்மூலை: அங்கே பழைய நாடாவை அப்படியே விட்டுவைத்திருந்தேன், சென்ற மாதம் 18.2, இந்த மாதம் 18.4. கையிலிருந்து சொட்டும் தண்ணீர் அந்த மூலையில்தான் வழிகிறது. வரும் விடுமுறையில் கதவைக் கழற்றிக் காயவைத்து, நாடாவை உரித்து, மூலை வரை எபாக்சி பூசிவிட்டுத்தான் புது நாடா ஒட்டப்போகிறேன்.