முதலில் புள்ளி, அப்புறம் சூத்திரம்

பதினோராம் வகுப்பு வணிகக் கணிதத்தில் கார்ல் பியர்சன் ஒட்டுறவுக் கெழுவை மனப்பாடமாகத்தான் எழுதினேன். இரண்டு அளவுகள் சேர்ந்து மாறுவதை ஒரே எண்ணில் சொல்வது அது. விடை 0.87 என்று வந்தது, மதிப்பெண்ணும் கிடைத்தது. அந்த 0.87 என்ன சொல்கிறது என்பது மட்டும் எனக்குப் புரியவில்லை. இப்போது பாம்பனில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கே அது விளங்கியது இவர்களோடு உட்கார்ந்த பிறகுதான்.

ஒரு மாணவியின் அம்மா கரையில் நெத்திலி வாங்கி விற்கிறவர். அவருடைய நோட்டிலிருந்து பத்து நாள் கணக்கை அவள் எடுத்து வந்தாள்: கரைக்கு எத்தனை கூடை வந்தது, ஏலத்தில் கூடை என்ன விலைக்குப் போனது. வரைபடத்தாளில் கீழே கூடை, பக்கவாட்டில் விலை, நாளுக்கு ஒரு புள்ளி. ஆறாவது புள்ளி வைக்கும்போதே, "அக்கா, சறுக்குமரம் மாதிரி இறங்குது" என்றாள். எதிரிடை ஒட்டுறவு என்பது அதுதான். ஒன்று கூடக் கூட மற்றது குறைகிறது. ஒரு புள்ளி மட்டும் விலகி நின்றது. அன்றைக்கு வரத்தும் குறைவு, விலையும் குறைவு. அம்மாவிடம் கேட்டு வந்தாள்: ஐஸ் கிடைக்காமல் மீன் நைந்துபோயிருக்கிறது. விலகி நிற்கிற புள்ளியை அவசரப்பட்டு அழிக்காதீர்கள், என்ன நடந்தது என்று விசாரியுங்கள்.

கெழு −1 முதல் +1 வரைதான் வரும். ஏறுகிற நேர்க்கோட்டில் எல்லாப் புள்ளியும் அமர்ந்தால் +1, இறங்குகிற கோட்டில் அமர்ந்தால் −1. கோடு எவ்வளவு செங்குத்து என்பதை அது சொல்லாது. புள்ளிகள் கோட்டை எவ்வளவு ஒட்டி நிற்கின்றன என்பதைத்தான் சொல்லும்.

பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது வேறொரு இடத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மீன் விலை ஏறும். அதே நாட்களில்தான் ரோட்டோரம் நுங்கு விற்பனையும் ஏறும். மாதவாரியாகப் புள்ளி வைத்தால் இரண்டும் சேர்ந்தே ஏறுவது தெரியும். "அப்போ நுங்கு வித்தா மீன் விலை ஏறுமா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். பின்னே ஏன் சேர்ந்து ஏறுகிறது என்றதும் அமைதி. கடைசியில் ஒரு பையன் சொன்னான்: "ரெண்டும் ஒரே மாசத்துல வருது அக்கா." எனக்கு அவ்வளவு சந்தோஷம். தேர்வில் ஒட்டுறவுக் கேள்விக்கு "இதனால்தான் அது நடக்கிறது" என்று எழுதாதீர்கள். "இரண்டும் சேர்ந்து மாறுகின்றன" என்று எழுதுங்கள். இரண்டையும் இழுக்கிற மூன்றாவது ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள்.

இன்னொன்று. கெழு 0 என்றால் தொடர்பே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறி வற்றுகிற அளவு அதிகம், நடுவில் அட்டமி வாக்கில் குறைவு. அமாவாசையிலிருந்து பௌர்ணமி வரை நாளையும் அந்த அளவையும் புள்ளி வைத்தால் தொட்டில் மாதிரி வளைவு வரும். தொடர்பு அவ்வளவு தெளிவாக இருந்தும் கெழு 0 பக்கத்தில்தான் நிற்கும், ஏனென்றால் அது நேர்க்கோட்டை மட்டுமே தேடுகிறது. இதைச் சொன்னதும் இரண்டு பேர் ஒரு கம்பில் அளவுக்கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். வருகிற அமாவாசைக்குத் துறையில் நடப்போகிறார்களாம்.