ஒரே பாட்டு, மூன்று குரல்: 'கிரேப்வைன்' ஒப்பீடு ஒருவழியாகக் கைகூடியது

நேற்று ராத்திரி குரல்களின் சத்த மட்டம் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. ஸ்மோக்கி ராபின்சன், மார்வின் கே, கிளாடிஸ் நைட் மூன்று பேரும் 'ஐ ஹியர்ட் இட் த்ரூ த கிரேப்வைன்' ('ஊர்வாயில் கேட்டேன்' என்று பொருள்) பாட்டின் முதல் வரியை, ஒருவர் பின் ஒருவராக, ஒரே சத்தத்தில் என் ஹெட்போனில் பாடினார்கள். சோல் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டுகளை இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கத் தொடங்கியதிலிருந்து இவ்வளவு சுத்தமாக அமைந்தது இதுதான். அந்தச் சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

இந்தப் பாட்டை எடுத்ததற்குக் காரணம் உண்டு. மூன்றுமே மோடவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் பதிவு. மூன்றின் பின்னாலும் தயாரிப்பாளர் நார்மன் விட்ஃபீல்ட். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் வெஸ்ட் கிராண்ட் பூலவார்டு 2648ஆம் எண் வீட்டில் இருந்த அதே ஸ்டூடியோ, ஃபங்க் பிரதர்ஸ் என்ற அதே வாத்தியக் கூட்டம். வேறு வேறு ஊரில், வேறு வேறு ஆட்களோடு பதிவானவற்றை ஒப்பிட்டால் வித்தியாசத்தில் பாதி அறையினால் வந்தது, மைக்கினால் வந்தது என்று ஒதுக்கிவிடலாம். இங்கே அந்தச் சாக்கு எடுபடாது.

கேட்கிற வரிசையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கிளாடிஸ் பாடிய வேகமான பாட்டை மார்வின் பிறகு நிதானமாக்கினார் என்று இன்னும் பலர் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். படிக்கும்போதெல்லாம் எரிச்சலாக வரும். விட்ஃபீல்டும் பாரெட் ஸ்ட்ராங்கும் எழுதிய இதை முதலில் பாடிப் பதிந்தது 1966 ஆகஸ்டில் ஸ்மோக்கியும் அவருடைய மிராக்கிள்ஸ் குழுவும். கம்பெனி முதலாளி பெர்ரி கார்டி வேண்டாம் என்றார். 1967 தொடக்கத்தில் மார்வின் பாடினார். அதையும் கார்டி தள்ளிவைத்தார். அதற்கப்புறம், அதே வருஷம் ஜூனில்தான் கிளாடிஸ். அது செப்டம்பரில் இசைத்தட்டாக வந்து பில்போர்ட் பட்டியலில் 2ஆம் இடம் வரை போனது. மார்வின் பாடியது 1968இல் 'இன் த க்ரூவ்' ஆல்பத்தில் ஓர் ஓரமாக வந்து, ரேடியோக்காரர்கள் அதையே திரும்பத் திரும்பப் போட்டதால் அக்டோபர் கடைசியில் தனித்தட்டாகி, டிசம்பரிலிருந்து ஏழு வாரம் முதலிடத்தில் நின்றது. ஆகவே மார்வின் யாருக்கும் பதில் பாடவில்லை. பதிந்த வரிசையில் கேளுங்கள், ஸ்மோக்கி, மார்வின், கிளாடிஸ் என்று. விட்ஃபீல்டின் மனசில் பாட்டு எப்படி வளர்ந்தது என்பது அப்போதுதான் பிடிபடும்.

இனி சத்த மட்டம். என் நேரத்தை எல்லாம் தின்றது இதுதான்.

எது கொஞ்சம் சத்தமாக ஒலிக்கிறதோ அதுவே நல்ல பாட்டு என்று காது முடிவு கட்டிவிடும். இது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் முழுப் பாட்டையும் லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவில் சமப்படுத்திவிட்டு உட்காருவதுதான் வழக்கம். இந்தப் பாட்டுக்கு அது உதவாது. மார்வின் பதிவில் குரல் வருவதற்கு முன் எலக்ட்ரிக் பியானோ, டாம்பரின், ஹார்ன், வயலின்கள் என்று மெல்லிய சத்தத்தில் ஒரு நீண்ட முன்னிசை ஓடுகிறது. அதைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் மென்பொருள் மொத்தப் பாட்டையும் தூக்கிவிடுகிறது. மார்வினின் குரல் காதுக்குள் வந்து நிற்கும், பாவம் கிளாடிஸ் தள்ளி நிற்பார். முதல் சரணத்தை மட்டும் வெட்டி அளந்து பார்த்தேன். கிளாடிஸ் பதிவில் ட்ரம் ஓங்கி அடிப்பதால் அளவு முழுவதும் ட்ரம்முக்கே போகிறது.

கடைசியில் வழிக்கு வந்தது குரலை மட்டும் பிரித்து அளப்பது. குரலையும் வாத்தியத்தையும் பிரிக்கும் டெமக்ஸ் மென்பொருளில் போட்டுக் குரல் தடத்தைத் தனியே எடுத்தேன். அதிலும் ஒரு சிக்கல்: கிளாடிஸின் பின்பாட்டுக் குழுவான பிப்ஸ் மூன்று பேர் குரலும், மார்வினுக்குப் பின்னால் பாடும் ஆண்டான்டெஸ் பெண்களின் குரலும் அதே தடத்தில்தான் வந்து விழும். மென்பொருளுக்கு எல்லாமே மனுஷக் குரல். அதனால் பின்குரல் வராத துண்டுகளை மட்டும் பொறுக்கி, மூச்சு இழுக்கும் இடைவெளிகளை வெட்டிவிட்டு, அந்தத் துண்டுகளின் அளவை மைனஸ் 20 லஃப்ஸுக்குக் கொண்டுவர எத்தனை டெசிபெல் வேண்டும் என்று பார்த்தேன். அந்தக் கணக்கைப் பிரிக்காத அசல் பாட்டின் மீது போட வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன். பிரித்த தடத்தை ஒருபோதும் ஒப்பீட்டுக்குக் கேட்காதீர்கள். 'ஸ', 'ஷ' ஓசைகள் எல்லாம் தேய்ந்து, யார் பாடினாலும் ஒரே ஆள் மாதிரி ஆகிவிடும். அது அளவுகோல் மட்டும்தான்.

எல்லாம் மோனோவில்தான் செய்தேன். ஸ்டீரியோ மிக்ஸில் வாத்தியங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நிற்பதால் குரலுக்கு இல்லாத தனிமையெல்லாம் வந்துவிடுகிறது. ஹிப்-ஓ செலக்ட் வெளியிட்ட 'கம்ப்ளீட் மோடவுன் சிங்கிள்ஸ்' பெட்டிகளில் 1967, 1968 தொகுதிகள் இருந்தால் கிளாடிஸ், மார்வின் இரண்டுக்கும் வேறெங்கும் அலைய வேண்டாம்.

தட்டு வைத்துத்தான் கேட்பேன் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மோடவுனின் கிளை லேபிள்களில் கிளாடிஸ் 'சோல்' 35039, மார்வின் 'டாம்லா' 54176. நம்பரைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள், உள்வட்டத்தில் கீறியிருக்கும் குறியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மிச்சிகனில் ஓவாஸோ ஆலையில் அடித்ததற்கு ஏஆர்பி என்று முத்திரை இருக்கும், அது வினைல். வட்டத்துக்குள் எம்ஆர் என்றிருந்தால் லாஸ் ஏஞ்சலிஸ் மோனார்க் ஆலை, அது ஸ்டைரீன் என்ற வேறு பிளாஸ்டிக். ஸ்டைரீனில் பழைய கனமான ஊசிகள் குரல் உச்சங்களைத்தான் முதலில் அரித்துத் தின்றிருக்கும். நல்ல நிலை என்று சொல்லி ஒரு விற்பனையாளர் எனக்கு அனுப்பிய கிளாடிஸ் தட்டு அப்படித்தான். அவர் குரலை உயர்த்தும் இடமெல்லாம் கரகரப்பு. பளபளவென்று இருக்கும், கேட்கத்தான் முடியாது.

சரி, கேட்டதற்கு வருகிறேன்.

மட்டம் சமமானதும் முதலில் இறங்கியது ஸ்மோக்கி. அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்த மெல்லிய மேல்குரல் அவருக்குப் பிறவியிலேயே கிடைத்த வீடு. காதலி கைவிடப்போகிறாள் என்று பிறர் சொல்லித் தெரிந்துகொண்டவன் பாடும் பாட்டு இது. அந்த உயரத்தில் அவர் சிரமமே இல்லாமல் நடமாடுகிறார். பாட்டு அழகாக வருகிறது, அடிவயிறு கலங்கவில்லை.

கிளாடிஸ் அப்படியே நேர்மாறு. ரெஸ்பெக்ட் பாட்டை அரீதா ஃபிராங்க்ளின் பாடி நாடே ஆடிக்கொண்டிருந்த 1967இல், அதைவிட முறுக்காக ஒன்று செய்ய வேண்டும் என்று விட்ஃபீல்ட் கிளம்பியது இது. கிளாடிஸ் அழவில்லை, நியாயம் கேட்கிறார். வரியின் கடைசிச் சொல்லை இழுக்காமல் சட்டென்று வெட்டி, அடுத்த அடிக்குள் பாய்கிறார். பின்னால் அண்ணன் புப்பாவும், ஒன்றுவிட்ட சகோதரர்கள் இருவரும் அவர் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுகிறார்கள். வீட்டுப் பெண்ணுக்காகப் பஞ்சாயத்துக்கு வந்த உறவுக்காரர்கள் போலவே இருக்கிறது. மார்வினில் 'ஆம்பிளை அழக்கூடாதுதான்' என்று வரும் இடத்தில், கிளாடிஸ் 'என் கண்ணீரை நன்றாகப் பார்' என்று எதிராளியை நிறுத்திப் பார்க்க வைக்கிறார். ஒரே சரணம், ஆள் அடியோடு மாறிவிட்டார். இந்தப் பதிவை மார்வினுக்கு முந்தைய முயற்சி என்று ஓரங்கட்டுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

மார்வின் வேறு உலகம். விட்ஃபீல்ட் அவருக்கு வசதியான சுருதியைவிட வேண்டுமென்றே மேலே வைத்துப் பாடச் சொன்னார். இரண்டு பேருக்கும் அதில் வாக்குவாதமே நடந்தது. டெம்ப்டேஷன்ஸ் குழுவின் பாடகர் டேவிட் ரஃபினிடமும் விட்ஃபீல்ட் இதே வித்தையைச் செய்தவர்தான். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, சமமான சத்தத்தில் ஸ்மோக்கிக்குப் பின்னால் உடனே கேட்பது வேறு. அதே உயரம்தான். ஸ்மோக்கி குடியிருக்கிறார், மார்வின் ஏறுகிறார். ஏறும்போது குரல் ஓரத்தில் ஒரு சின்னக் கிழிசல் விழுகிறது. கள்ளக்குரலுக்குப் போய்த் தப்பிக்கலாம். போகாமல் கழுத்து நரம்போடு பிடித்து நிற்கிறார். அந்த இடம் வேண்டித்தான் விட்ஃபீல்ட் சண்டை போட்டிருக்கிறார்.

இன்னும் நெருங்கிப் பார்த்தால் ஒன்று. பாட்டு ஈ-ஃபிளாட் மைனர், நம் கணக்கில் இரண்டரைக் கட்டை. சரணம் முழுக்க 'க' சுரத்தின் தாழ்ந்த வடிவமான சாதாரண காந்தாரத்தில் புழுங்கிக்கொண்டிருக்கும். 'தூக்கிவாரிப் போட்டது' என்று பொருள் வரும் வரியில் பின்னணிச் சுரக்கூட்டு (கார்டு) சி-மைனருக்குத் திரும்புகிறது. அதில் இருப்பது ஜி, அதாவது 'க'வின் உயர்ந்த வடிவமான அந்தர காந்தாரம்! ஒரே ஒரு வரிக்கு ஜன்னல் திறந்தாற்போல வெளிச்சம், உடனே பழையபடி மூடல். ஏமாற்றம் தெரியவந்த கணத்தைச் சொல்லும் வரியில் போய் வெளிச்சத்தைக் காட்டலாம் என்று யாருக்குத் தோன்றும்? மார்வின் சரியாக அந்த வரியில்தான் உச்சிக்குப் போகிறார். ஃபங்க் பிரதர்ஸ் கூட்டத்து ஜேம்ஸ் ஜாமர்சனின் பேஸ் கிட்டார் மட்டும் அதைக் கண்டுகொள்ளாமல் கீழே உருண்டுகொண்டே இருக்கிறது.

'கண்ணால் பார்த்ததில் பாதியை நம்பு, காதால் கேட்டதை நம்பவே நம்பாதே' என்ற வரி வரும்போது, கண்ணால் கண்டதும் பொய் என்று கேட்டு வளர்ந்த நமக்கு அவன் அடுத்து தீர விசாரிப்பான் என்று தோன்றும். மார்வின் விசாரிக்கவே இல்லை. நம்பிவிட்டார். அதுதான் அந்தப் பதிவின் பயம்.

டெம்ப்டேஷன்ஸ் 1969இல் வந்த 'கிளவுட் நைன்' ஆல்பத்துக்குப் பாடியதை இன்னும் மட்டம் பிடிக்கவில்லை. அதிலேயும் விட்ஃபீல்ட்தான், முடித்தாக வேண்டும். 1981இல் ரோஜர் டிரவுட்மன் டாக்பாக்ஸ் (வாத்திய ஒலியை வாயால் வடிக்கும் கருவி) வைத்துப் பாடியதில் குரல் எது, வாத்தியம் எது என்று டெமக்ஸே திணறும்போல் இருக்கிறது.

ஆனால் கை அதற்குள் 'எ சேஞ்ச் இஸ் கோனா கம்' பக்கம் போய்விட்டது. சாம் குக் 1964, ஓட்டிஸ் ரெடிங் 1965, அரீதா 1967. அரீதா நேராகப் பாட்டுக்குள் நுழையாமல், பழைய நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டது என்று முன்னுரை வைத்துத் தொடங்குகிறார். அந்த முன்னுரையைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பதே முதல் கேள்வி. சேர்க்கப்போகிறேன். ஓட்டிஸிடம்தான் வேலை இருக்கிறது. மெம்ஃபிஸ் பதிவில் பித்தளை வாத்தியங்கள் அவர் குரலோடு ஒட்டிக்கொண்டு குரல் தடத்துக்குள் வந்துவிடுகின்றன. பின்குரலுக்குச் செய்ததுபோல ஹார்ன் ஓய்ந்த துண்டுகளாகப் பொறுக்க இந்த ஞாயிற்றுக்கிழமை உட்காருகிறேன்.