செவலை ஏன் நொண்டியது

எங்கள் மாடு செவலை நொண்ட ஆரம்பித்து நாலு நாள் ஆகியிருந்தது. முள்ளு குத்தியிருக்கும் என்று குளம்பைக் கழுவி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டேன். கேட்கவில்லை. காலைப் பால் 6 லிட்டரிலிருந்து 4க்கு இறங்கியபோதுதான் கால்நடை மருந்தகத்துக்குப் போன் போட்டேன்.

வந்த டாக்டரம்மா முதலில் மாட்டைத் தொடவே இல்லை. கட்டுத்தரை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஊசியைப் போட்டால் போதுமே என்று எனக்கு அவசரம். "அக்கா, இது சரியா அசைபோட்டு எத்தனை நாளாச்சு?" என்றார். நான் கவனித்ததே இல்லை. குச்சியால் சாணத்தைக் கிளறிக் காட்டினார். கூழாக இளகி, உள்ளே மக்காச்சோளக் குருணை அப்படியே கிடந்தது.

ஆத்தூர் பக்கம் அரவை சீசனில் சேகோ பேக்டரித் திப்பி, அதாவது ஜவ்வரிசிக்கு மரவள்ளிக்கிழங்கு அரைத்து மிஞ்சும் சக்கை, மலிவாகக் கிடைக்கும். குருணையைக் கலந்து காலையில் ஒரு கூடை, சாயங்காலம் ஒரு கூடை வைத்தேன், சோளத்தட்டைக் குறைத்துவிட்டேன். மாவுச்சத்து மிஞ்சினால் வயிற்றில் அமிலம் ஏறும், அது குளம்புக்குள் ரத்த ஓட்டத்தைக் கெடுத்து வீங்க வைக்கும் என்றார். தீனியில் செய்த தப்பு காலில் வந்து நிற்கும் என்று இத்தனை வருஷத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வலிக்கு மெலாக்சிகாம் ஊசி போட்டார். "வலியோடவும் மாடு பால் கறக்கும்க்கா. அதனாலதான் நமக்கு அதோட வலி தெரியறதில்ல." முன்னங்கால் முட்டியில் மயிர் உதிர்ந்து காய்த்திருந்ததைத் தடவிக் காட்டினார். தினமும் பார்த்த இடம்தான். சிமெண்டுத் தரையில் படுத்து எழுந்து வந்த காய்ப்பு அது. மாடு ஒரு நாளைக்கு 10, 12 மணி நேரம் படுக்க வேண்டுமாம். சரி என்று ரப்பர் பாய் வாங்கினேன். திப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, முதலில் தட்டு, பிறகுதான் மற்றது என்று மாற்றினேன்.

அவர் இருந்த முக்கால் மணி நேரத்தில் அவர் போன் நாலு தடவை அடித்தது. அவசரத்துக்கு 1962க்குப் போன் போட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வண்டி வருகிறது, நல்ல விஷயம். ஆனால் மாடு நன்றாக இருக்கும்போதே வந்து கட்டுத்தரையையும் தீனித் தொட்டியையும் பார்க்க டாக்டர்களுக்கு நேரம் வேண்டுமே. தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. படிக்கிற பிள்ளைகளை ஊர் ஊராக அனுப்பினால் எத்தனை செவலைகள் நொண்டாமல் இருக்கும்!

பத்தாம் நாள் ராத்திரி கட்டுத்தரைக்குப் போனேன். செவலை பாய்மேல் படுத்திருந்தது. ஒரு கவளத்தை 50 தடவைக்கு மேல் மெல்ல வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். டார்ச்சை அணைத்துவிட்டு எண்ணினேன். 53. விழுங்கிவிட்டுச் சும்மா இருந்தது. அப்புறம் அடுத்த உருண்டை கழுத்தில் மேலே ஏறி வந்தது.