முறைசாரா வேலையைக் கணக்கெடுக்கும்போது

முறைசாராத் துறை வேறு, முறைசாரா வேலை வேறு. முன்னது நிறுவனத்தைப் பார்க்கிறது: அது பதிவில்லாத சிறு தொழிலா என்று. தொழிலாளர் புள்ளியியலாளர்களின் பன்னாட்டு மாநாடு 1993-இல் அதை வரையறுத்தது. பின்னது வேலையையே பார்க்கிறது: அதைச் செய்பவருக்குத் தொழிலாளர் சட்டப் பாதுகாப்பு நடைமுறையில் கிடைக்கிறதா என்று. அதற்கான வழிகாட்டுதல் 2003-இல்தான் வந்தது. பதிவுபெற்ற பெரிய ஆலையில் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் உழைப்பவர் முதல் கணக்கில் வரமாட்டார், இரண்டாவதில் வருவார்.

ஆகவே "நீங்கள் முறைசாராத் தொழிலாளியா?" என்று நேரடியாகக் கேட்பதில் பயனில்லை. சம்பளத்துக்கு இருப்பவரிடம், முதலாளி உங்கள் பெயரில் சமூகக் காப்பீட்டுக்கு (ஓய்வூதியம், மருத்துவம் போன்றவை) பணம் கட்டுகிறாரா என்று கேளுங்கள். தெரியாது என்றால், சம்பளத்துடன் ஆண்டு விடுப்பும் நோய் விடுப்பும் கிடைக்கின்றனவா என்று கேளுங்கள். சட்டத்தில் இருந்தால் போதாது, கைக்கு வர வேண்டும். சுயதொழில் செய்பவர் என்றால் தொழில் பதிவாகியிருக்கிறதா, கணக்குப் புத்தகம் இருக்கிறதா என்று விசாரிக்கலாம்.

அதிகம் விடுபடுவது பெண்களின் உழைப்பு. இது எனக்குப் பெரிய கவலை. துண்டுக்கூலிக்கு வீட்டில் தைப்பவரைப் பற்றி வேறொருவர் பதில் சொன்னால் "வீட்டில் சும்மா இருக்கிறார்" என்றே பதிவாகும். கடந்த 7 நாட்களில் கூலிக்கோ லாபத்துக்கோ 1 மணி நேரமாவது வேலை செய்தீர்களா என்று அவரிடமே, உதாரணங்களோடு கேட்க வேண்டும். இரண்டாவது வேலை இருந்தால் அதையும் தனியாகப் பதியுங்கள். ஒருவரின் ஒரு வேலை முறைசார்ந்ததாகவும் மற்றது முறைசாராததாகவும் இருக்கலாம்.